முழங்காலில் ஊசி: ‘தேய்மானம்’ என்ற சொல் விற்றுக்கொடுக்கும் மருத்துவம்

ஹைதராபாத்தில் முழங்கால் வலியோடு மருத்துவரை நாடும், ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி எக்ஸ்ரே எடுத்தபின் வழக்கமாகக் கேட்டுத் திரும்பும் சொல் ‘குஜ்ஜு அரிகிபோயிந்தி’ என்பதாகும். தெலுங்கில் குஜ்ஜு என்றால் பழத்தின் சதை, கூழ். பழைய நகரத்தில் தக்கனி உருது பேசுவோரிடம் இதே நோய் ‘கிரீஸ் கதம் ஹோ கயா’ என்றாகிறது. தமிழ்நாட்டில் ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்பர். மூன்று மொழிகளிலும் படிமம் ஒன்றே. முழங்கால் ஓர் இயந்திரம். அதன் உள்ளிருந்த ஏதோ ஒரு பொருள் தீர்ந்துவிட்டது. தீர்ந்ததை மீண்டும் நிரப்பினால் இயந்திரம் ஓடும். நிரப்புவதற்கு ஊசியைவிட இயல்பான கருவி வேறு எது?

முழங்கால் மூட்டுத் தேய்வுக்கான ஊசிச் சிகிச்சை இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு ஆய்வு முடிவுகளைவிட இந்தப் படிமமே பெரிய காரணம் என்று சொல்ல இடமிருக்கிறது. இந்நோயில் குருத்தெலும்பு மெலிவது உண்மைதான். ஆனால் குருத்தெலும்பில் வலியுணரும் நரம்புகளே இல்லை. வலி எழுவது மூட்டுறையின் அழற்சியிலிருந்தும், குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பிலிருந்தும், சுற்றியுள்ள திசுக்களிலிருந்தும்; தொடைத் தசை வலுவிழப்பதால் மூட்டின் மீது கூடும் பளுவிலிருந்தும். எக்ஸ்ரேயில் கடுமையான தேய்மானம் தெரியும் ஒருவர் வலியின்றி நடப்பதும், ஏறக்குறைய இயல்பான எக்ஸ்ரே உடைய இன்னொருவர் படியேற முடியாமல் தவிப்பதும் மருத்துவர் அனைவரும் அறிந்த செய்தி. இருந்தும் நோயாளியிடம் பேசும்போது ‘குஜ்ஜு’ மட்டுமே மிஞ்சுகிறது. ஒரு நிமிடத்தில் புரியவைக்க அது உதவுகிறது என்பது மருத்துவர் தரப்பு நியாயம். அந்த ஒரு நிமிடத்தின் விலையைப் பின்னர் நோயாளி செலுத்துகிறார் என்பதே இங்கு வாதம்.

இன்று இந்நகரில் ஒரு முழங்காலுக்குள் செலுத்தப்படக்கூடியவை பெரும்பாலும் நான்கு: ஸ்டீராய்டு, ஹையலுரானிக் அமிலம் என்னும் ‘ஜெல்’, நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கப்படும் பிஆர்பி என்னும் தட்டணுச் செறிவுப் பிளாஸ்மா, ஸ்டெம் செல்.

இவற்றுள் மூத்தது ஸ்டீராய்டு. 1951-இல் அமெரிக்க மருத்துவர் ஹாலண்டர் மூட்டுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் செலுத்திய அனுபவத்தை வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கார்ட்டிசோன் ஆய்வுக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றிருந்தனர். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் இடம் தெளிவாகவே இருக்கிறது. ஓரிரு வாரங்களுக்குக் கணிசமான நிவாரணம், மூன்று மாதத்தில் சிறிதளவு, ஆறு மாதத்தில் ஏதுமில்லை. 27 ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு சொல்வது இதையே. அந்த ஆய்வுகளின் தரம் குறைவு என்பதையும் அது சேர்த்தே சொன்னது. வலி முற்றியிருக்கும் வேளையில், ஒரு திருமணமோ நெடும்பயணமோ முன்னிற்கும்போது, குறுகிய கால நிவாரணத்துக்கும் மதிப்புண்டு. தொடர்ந்து போடுவதுதான் சிக்கல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டாண்டுகள் ட்ரையாம்சினோலோன் பெற்றவர்களையும் உப்புநீர் ஊசி பெற்றவர்களையும் ஒப்பிட்ட மெக்அலிண்டன் குழுவினரின் 2017-ஆம் ஆண்டு ஆய்வில் 140 பேர் பங்கேற்றனர். ஸ்டீராய்டு பெற்றோரின் குருத்தெலும்பு 0.21 மில்லிமீட்டர் மெலிந்தது. உப்புநீர் பெற்றோருக்கு 0.10. வலியில் வேறுபாடு இல்லை. குஜ்ஜு குறைந்ததற்காக எடுத்துக்கொள்ளும் ஊசி, அடிக்கடி எடுத்தால், குஜ்ஜுவையே குறைக்கிறது. நம் நாட்டுக்கு மட்டும் உரிய ஒரு கவலையும் உண்டு. இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி என்று 2023-இல் ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வு மதிப்பிட்டது. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டும் சில நாள்கள் ரத்தச் சர்க்கரையை உயர்த்தும். ஊசிக்கு முன் இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

‘ஜெல்’ ஊசியின் கதை வேறு. 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஹையலுரானிக் அமிலம், பின்னர் சேவலின் கொண்டையிலிருந்து பெருமளவில் எடுக்கப்பட்டு முழங்காலுக்கு வந்தது. 1997-இல் அமெரிக்காவின் எஃப்டிஏ அதை ஒப்புக்கொண்டபோது மருந்தாக ஏற்கவில்லை, மருத்துவக் கருவியாகவே ஏற்றது. உராய்வைக் குறைக்கும் மசகு என்ற கருத்தே அதற்கு அடிப்படை. அதாவது ‘கிரீஸ்’ என்ற படிமம் பழைய நகரத்துப் பாமரரின் கற்பனையாக மட்டும் இருந்ததில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் கோப்பிலும் அது அமர்ந்திருந்தது. 2022-இல் பிஎம்ஜே இதழில் பெரெய்ராவும் குழுவினரும் 169 ஆய்வுகளை, 21,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்தனர். போலிமருந்தோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளின்படி, நூறு மில்லிமீட்டர் வலிக்கோட்டில் ஜெல் ஊசி தந்த கூடுதல் பலன் 2 மில்லிமீட்டர். நோயாளி உணரத்தக்க குறைந்தபட்ச மாற்றம் என அவர்கள் வைத்த அளவு 9 மில்லிமீட்டர். கடுமையான பக்கவிளைவுகளின் வீதமோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் இந்த ஊசியை அளிக்க வேண்டாம் என்று வழிகாட்டியது. அந்த விவாதம் அங்கே ஏறக்குறைய முடிந்துவிட்டது. இங்கே மருந்துக்கடைக் குளிர்பெட்டியில் அது இன்னும் தொடங்கவேயில்லை.

பிஆர்பி பற்றி அவ்வளவு எளிதாகத் தீர்ப்பெழுத முடியாது. ஆகவே அதற்குச் சற்று நேரம் தர வேண்டும். ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து, முழங்காலுக்குள் செலுத்துவதே செய்முறை. தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் உள்ளன, அவை அழற்சியைத் தணிக்கலாம் என்பது கருதுகோள். இத்துறையின் முதன்மையான போலிமருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வுகளுள் ஒன்று நம் நாட்டில்தான் நடந்தது. சண்டீகர் பிஜிஐஎம்இஆரைச் சேர்ந்த பட்டேல், தில்லன் முதலியோர் 2013-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 78 நோயாளிகளின் 156 முழங்கால்கள் இடம்பெற்றன. பிஆர்பி பெற்றோர் ஆறு மாதத்தில் தேறினர். உப்புநீர் பெற்றோர் தேறவில்லை. ஹைதராபாத் மருத்துவர்கள் பிஆர்பியை ஆதரித்துப் பேசும்போது அவர்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் 2021-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ரெஸ்டோர் ஆய்வு வந்தது. பென்னெல் தலைமையில் 288 பேர். வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். பன்னிரண்டு மாதத் தொடர்கண்காணிப்பு. பத்துப் புள்ளி வலி அளவையில் பிஆர்பி பெற்றோருக்கு 2.1 புள்ளி குறைந்தது; உப்புநீர் பெற்றோருக்கு 1.8. குருத்தெலும்பின் கன அளவு இரு தரப்பிலும் குறைந்தது: பிஆர்பிக்கு 1.4 விழுக்காடு, உப்புநீருக்கு 1.2. இவ்வேறுபாடுகள் எதுவும் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. அந்த ஆய்வில் பயன்படுத்திய பிஆர்பியின் தட்டணுச் செறிவு போதாது என்பது ஆதரவாளர்களின் மறுப்பு. அம்மறுப்பில் நியாயம் இருக்கலாம். ஆயின் அது இருமுனைக் கத்தி. செறிவே பலனைத் தீர்மானிக்கிறது என்றால், ஒவ்வொரு கிளினிக்கும் தான் தயாரித்த பிளாஸ்மாவில் எத்தனை தட்டணுக்கள் உள்ளன என்று எண்ணிப் பார்த்து நோயாளியின் சீட்டில் எழுதித்தர வேண்டும். மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்ற எண்ணைக் கேட்டால் பதில் கிடைக்கும் இடங்கள் எத்தனை இருக்கும்? செறிவு முக்கியம் என்று ஆய்வரங்கில் வாதிட்டுவிட்டு, அதை அளக்காமலேயே மாலை நேர கிளினிக்கில் ஊசி போடுவது அறிவியல் நிலைப்பாடு ஆகாது.

ரெஸ்டோர் ஆய்வின் இன்னொரு பாதி பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. உப்புநீர் பெற்றவர்களுக்கும் வலி 1.8 புள்ளி குறைந்தது! முழங்கால் வலி ஏறி இறங்கும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போதே மக்கள் மருத்துவரிடம் செல்கின்றனர். ஆகவே எதைச் செய்தாலும் பின்னர் குறைகிறது. அதோடு, ஊசி என்ற சடங்குக்கே ஒரு வலு உண்டு. 2015-இல் பன்னுரு குழுவினர் செய்த தொகுப்பாய்வின்படி, வாயால் விழுங்கும் போலிமருந்தைவிட மூட்டுக்குள் செலுத்தும் போலிமருந்துக்குப் பலன் அதிகம், விளைவளவு 0.29. பாரசிட்டமால் போன்ற உண்மை மருந்துகள் சில இந்த அளவையே எட்டுவதில்லை. ஆதலால் ‘எனக்கு ஊசி போட்டபின் வலி குறைந்தது’ என்று சொல்லும் நோயாளி பொய் சொல்லவில்லை. ‘நான் போட்டவர்களில் பெரும்பாலோர் தேறினர்’ என்னும் மருத்துவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் கண்டது உண்மை. காரணத்தை மட்டுமே தவறாகக் கொண்டனர். கண்கூடான அனுபவம் இத்தனை உறுதியாக ஒரு பக்கம் சாயும் இடத்தில்தான் கட்டுப்பாட்டுக் குழு இன்றியமையாததாகிறது என்பதை முறையியல் வகுப்பில் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

ஸ்டெம் செல் விவகாரத்தில் ஹைதராபாத்துக்குத் தனித்த பொறுப்பு உண்டு. இந்நகரின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் கருவிழி விளிம்பு ஸ்டெம் செல் சிகிச்சையில் உலக அளவில் முன்னோடி. 2001 முதல் அங்கே அச்சிகிச்சை நடைபெற்று வருகிறது. எளிய முறை ஒன்றைச் சங்வானும் குழுவினரும் 2012-இல் வெளியிட்டனர். 2016-இல் 125 கண்களின் நீண்டகால முடிவுகள் தோல்விகளையும் சேர்த்து அச்சாயின. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெற்றி, மீதி இல்லை என்று அந்த எண்கள் வெளிப்படையாகக் கூறின. இதே நகரில், இதே ‘ஸ்டெம் செல்’ என்ற சொல்லைக் கொண்டு முழங்காலுக்கு விளம்பரம் செய்யும்போது அந்தக் கண்மருத்துவத்தின் நற்பெயர் கடனாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கடன் கொடுத்தவருக்கு அது தெரியாது.

முழங்காலுக்கு ஸ்டெம் செல் முழுதும் போலி என்று சொல்வதும் தவறு. பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் நன்கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்களைக் கொண்டு 146 நோயாளிகளிடம் மூன்றாம் கட்ட ஆய்வு நடத்தி, 2022-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதியைப் பெற்றது. ஆய்வும் பின்னர் அச்சில் வந்தது. முறையான வழி இது. ஆனால் 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, ஏறத்தாழ 480 பேரிடம் மூன்று வகைச் செல் சிகிச்சைகளை ஸ்டீராய்டோடு ஒப்பிட்டு, ஓராண்டு முடிவில் எதுவும் ஸ்டீராய்டைவிட மேலன்று எனக் கண்டது. சான்று இன்னும் ஒருமித்து நிற்கவில்லை. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் விதிகள் ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கும் பொருளைப் புதிய மருந்து என்றே வகைப்படுத்துகின்றன. ஒரு நிறுவனம் அனுமதி பெற்ற ஒரு பொருளுக்கும், இடுப்பெலும்பிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுத்ததை அங்கேயே சுழற்றிச் செலுத்தும் செய்முறைக்கும் உள்ள தூரத்தை விளம்பரம் மறைக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்று. பின்னுள்ள சான்று ஒன்றன்று.

2019-இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி முழங்காலுக்கு ஸ்டீராய்டைப் பரிந்துரைத்து, பிஆர்பியையும் ஸ்டெம் செல்லையும் உறுதியாக மறுத்தது. இதைச் சொன்னால் வரும் முதல் மறுமொழி, ‘அது அமெரிக்கா, நம் முழங்கால் வேறு’ என்பது. இம்மறுமொழியைக் கேலி செய்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் அதில் உண்மை உண்டு. தரையில் அமர்ந்து உண்பது, குந்தி அமரும் கழிப்பறை, நாளுக்கு ஐந்து வேளை தொழுகையில் மண்டியிடுவது, பேருந்தின் உயரமான படி — இவையெல்லாம் அமெரிக்க அளவைகளில் இல்லாத அசைவுகள். இந்தியாவில் முழங்கால் தேய்வின் பரவல் 28.7 விழுக்காடு என்று 2016-இல் வெளிவந்த ஆய்வு ஆக்ரா, பெங்களூரு, கொல்கத்தா, டேராடூன், புணே ஆகிய ஐந்து இடங்களில் நடந்தது. ஹைதராபாத் அதில் இல்லை. இத்தனைக்கும் முழங்காலை முழங்காலாகப் பார்த்த அறிவியல் மரபு இந்நகருக்கு உண்டு. நல்கொண்டா மாவட்டத்து மக்களின் முழங்கால்கள் உட்புறமாக வளைந்திருந்ததைக் குடிநீர் ஃபுளூரைடோடு தொடர்புபடுத்தி 1973-இல் லான்செட் இதழில் எழுதியவர்கள் தார்நாகா தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள். அவர்கள் கிராமத்துக்குச் சென்று எண்ணினர். ‘நம் முழங்கால் வேறு’ என்போர் செய்ய வேண்டியதும் அதுவே: எண்ணிக் காட்டுவது. வேறு என்பதற்குச் சான்று தேட வேண்டியவர் வேறு என்று சொல்லி விற்பவர். வாங்குபவர் தேட வேண்டியதில்லை.

மாற்று என்ன என்ற கேள்விக்கு விடை கவர்ச்சியற்றது. 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் டெய்ல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 156 பேர். ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு ஊசி, மறுபாதிக்கு இயன்முறைச் சிகிச்சை. ஓராண்டு முடிவில், 240 வரை செல்லும் வலி–இயலாமை அளவையில் ஊசி பெற்றோர் 55.8, பயிற்சி பெற்றோர் 37.0, குறைவே நலம். செலவு இரு தரப்புக்கும் ஏறத்தாழச் சமம். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான பளு நான்கு கிலோ குறைகிறது என்று மெஸ்ஸியர் 2005-இலேயே காட்டினார். அண்மையில் முழங்கால் வலிக்குக் கணிசமான பலன் காட்டிய ஊசி ஒன்று உண்டென்றால் அது முழங்காலில் போடப்படுவதே இல்லை: மிகுந்த உடற்பருமன் உடையோரிடம் 2024-இல் செமாக்ளுடைட் காட்டிய முடிவுகளே அவை. வயிற்றுத் தோலடியில் போடும் ஊசி, எடையின் வழியாக முழங்காலை எட்டியது. குஜ்ஜு படிமத்தால் இதை விளக்கவே முடியாது.

ஆனால் இயன்முறைச் சிகிச்சை என்றால் வாரம் இருமுறை, பல வாரங்கள், ஓர் ஊழியரின் நேரம். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண் அதற்காக எத்தனை நாள் கூலியை இழப்பார்? ஒரே ஊசியில் முடியும் என்று ஒருவர் சொல்லும்போது அவர் அங்கே செல்வது அறியாமையால் மட்டுமன்று. அவருடைய கணக்கில் அது சரியாகவே வருகிறது. ஆரோக்யஸ்ரீ திட்டம் 2007-இல் தொடங்கியபோது மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சையை மையமாக வைத்தே உருவாக்கப்பட்டது. 2023 டிசம்பரில் தெலங்கானா அதன் உச்சவரம்பை 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியபோதும் அந்த மையம் மாறவில்லை. செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. வழக்கமான கோபால்ட்–குரோமிய மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய். அறுவைக்கு விலைக்கட்டுப்பாடு வந்தது, படுக்கைக்குக் காப்பீடு வந்தது. இரண்டுக்கும் முந்தைய பத்து, பதினைந்து ஆண்டுகள், நோயாளி நடந்து வந்து நடந்து போகும் காலம், முற்றிலும் சந்தையிடம் விடப்பட்டது. ஊசிக் கடை முளைத்தது அந்த வெற்றிடத்தில்தான். கிளினிக்குகளை மட்டும் கடிந்துகொள்ளும் விமர்சனம் இதைப் பார்க்கத் தவறுகிறது.

ஆகவே தடை கோருவதில் பொருளில்லை. சண்டீகர் முடிவும் ஆஸ்திரேலிய முடிவும் முரண்படும் நிலையில் பிஆர்பியைத் தடைசெய்வது சான்றுக்கு முந்திச் செல்வதாகும். கோர வேண்டியவை இரண்டு. முதலாவது, ஒப்புதல். சமிரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், முக்கிய அபாயங்கள் ஆகியவற்றை நோயாளி அறிந்தபின் தரும் ஒப்புதலே செல்லும் என்று வரையறுத்தது. தெலுங்கும் தக்கனியும் மட்டுமே அறிந்தவரிடம் ஆங்கிலத் தாளில் கையொப்பம் வாங்குவது அந்த வரையறைக்குள் அடங்காது. ‘இந்த ஊசி குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை; உப்புநீர் ஊசிக்கும் இதே அளவு பலன் கிடைத்த பெரிய ஆய்வு உண்டு; பயிற்சி ஒரு மாற்று வழி’ என்ற மூன்று வாக்கியங்கள் அவரது மொழியில், பணம் கட்டும் முன், எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆய்வு. பஞ்சாகுட்டா நிம்ஸ், காந்தி, உஸ்மானியா ஆகிய மருத்துவமனைகளின் எலும்பியல் புறநோயாளிப் பிரிவுகளில் முழங்கால் வலிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பிஆர்பி, உப்புநீர், மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி என மூன்று பிரிவு, ஒவ்வொரு குப்பியிலும் தட்டணு எண்ணிக்கை, ஓராண்டுத் தொடர்கண்காணிப்பு, குந்தி எழுதல், தரையிலிருந்து எழுதல், தொழுகையில் மண்டியிடல் ஆகியவற்றை அளக்கும் ஓர் அளவை. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது, 2009 முதல் பதிவு கட்டாயம். முடிவு எதுவாயினும் பதிவில் நிற்கும். மருந்து நிறுவனம் எதுவும் இதற்குப் பணம் தராது, ஏனெனில் பிஆர்பிக்குக் காப்புரிமைக்காரர் இல்லை, உப்புநீருக்கும் இல்லை, உடற்பயிற்சிக்கும் இல்லை. பொதுநிதி தேவைப்படும் ஆய்வு என்பதற்கு வேறு வரையறை தேட வேண்டியதில்லை. எலும்பியல், இயன்முறை மருத்துவம், சமூக மருத்துவம் என மூன்று துறைகளின் முதுநிலை மாணவர்கள் ஆண்டுதோறும் முப்பது, நாற்பது பேரை வைத்துத் தனித்தனியாக எழுதி அலமாரியில் அடுக்கும் ஆய்வேடுகளை ஒரே நெறிமுறையின் கீழ் இணைத்தாலே முதல் இரண்டு ஆண்டுகளில் போதிய எண்ணிக்கை சேர்ந்துவிடும். அதற்கு மூன்று துறைத்தலைவர்கள் ஓர் அறையில் அமர்ந்து, யார் பெயர் முதலில் வரும் என்ற கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.